அந்த ஓட்டை சூட்டுக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் கேள்வி-பதில் பகுதியில், சப்வூஃபர் (அடித்தொனியான பேஸை எழுப்பும் ஸ்பீக்கர்) பெட்டியில் இருக்கும் ஓட்டை “சூடு வெளியேறுவதற்காக” என்று போட்டிருந்தீர்கள். எலி நுழைந்தால் துணியால் அடைத்துவிடலாம் என்று உபரியாக ஒரு யோசனை வேறு. பெட்டியில் நெல் கொட்டி வைக்கச் சொல்லாதவரை சந்தோஷம்.

அது வெறும் ஓட்டை இல்லை, பைப். அதற்குள் நிற்கும் காற்றுக்கு எடை உண்டு. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு அலைவெண்ணில் ஆடும். காலி பாட்டில் வாயில் ஊதினால் கேட்பதும் இதுதான். 50 லிட்டர் பெட்டி, 10 செ.மீ. உள்விட்டம், 31 செ.மீ. நீளப் பைப் என்றால் அது ஏறக்குறைய 35 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 35 ஆட்டம். பைப்பைப் பாதியாக அறுத்தால் சுமார் 45-க்கு ஏறிவிடும். 35 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்துப் பாருங்கள்: ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோன் அசைகிறதா என்றே சந்தேகம் வரும், பைப் வாயில் பிடித்த காகிதமோ படபடக்கும். அந்த இடத்தில் பேஸ் வருவது பைப்பிலிருந்துதான். அதை அடைத்தால் பேஸ் இளைக்கும், கேட்பவர் வால்யூமைத் திருப்புவார், பாரமெல்லாம் கோன் தலையில். அப்படி இரண்டு பெட்டிகள் என் பெஞ்சுக்கு வந்தாயிற்று. இரண்டிலும் கோனை ஆட்டும் கம்பிச்சுருளான காயில் கருகல். பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியது தாங்கள் அறியாததல்ல.

பொங்கல் மலரில் “மேக்னெட் பெரிதானால் பேஸ் கூடும்” என்றீர்கள். காந்தம் பலமாக ஆக, ஆடும் காயிலில் எழும் எதிர் மின்னழுத்தம் கோனைப் பிரேக் போட்டுப் பிடிக்கும். அதே பெட்டியில் அடிபேஸ் மெலியத்தான் செய்யும். போதாதென்று பின் அட்டையில் 2,000 வாட் ஸ்பீக்கர் செட் விளம்பரம். அந்த செட்டின் முதுகு ஸ்டிக்கரில் 60 வாட் என்றிருக்கிறது. மீதி 1,940 எந்த மின்வாரியம் தருகிறதோ!

இரண்டு வூஃபரில் ஒன்றுக்கு பிளஸ், மைனஸ் ஒயர் மாறினாலே பேஸ் செத்துவிடும், ஸ்பீக்கர் முனைகளில் 1.5 வோல்ட் செல்லைத் தொட்டுக் கோன் முன்னே வந்தால், செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ் என்று முன்பே எழுதினேன். அக்கடிதம் தங்கள் மேசையில் பத்திரமாக இருக்கும் என நம்புகிறேன்.

இப்போது கேட்பது ஒரு வரித் திருத்தம்தான்: “எலிக்குத் துணி வேண்டாம், பைப் வாயில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போதும்.” கோலப் பக்கத்தின் அடியில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஸ்பீக்கர் காயில் சுற்றும் வாசகன்,
மதுரை