ஒரே போன், ஒரே நாள், ஒரே விலை: மத்திய வணிக அமைச்சகத்துக்கு ஒரு செல்போன் கடைக்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகம், தொழில் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கோவில்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி சீசன் கணக்கை முடித்த கையோடு இதை எழுதுகிறேன். பின்னணி எல்லாம் உங்களுக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் டெல்லியில் நடந்த ஒரு நிகழ்ச்சியில், பத்து வருஷத்துக்கு முன்னால் தெருமுனையில் இருந்த செல்போன் கடைகள் எல்லாம் எங்கே போயின என்று அமைச்சரே கேட்டார். அன்றைக்கு எங்கள் வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப் முழுக்க அந்தப் பேச்சுதான். அரசு ஆன்லைன் வணிகத்துக்கு எதிரி இல்லை என்று மறுநாளே விளக்கமும் வந்தது. சரி, நாங்களும் எதிரி இல்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒரு போன் ஆன்லைனில் வருகிற அன்றைக்கே கடைக்கும் வர வேண்டும், அதே விலைக்கு வர வேண்டும்.

இந்த சீசனில் என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரிக்குப் போகும் மகளைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். நாலைந்து டெமோ பீஸை எடுத்து வைத்தேன். அந்தப் பிள்ளை ஒவ்வொன்றிலும் போட்டோ எடுத்துப் பார்த்தது, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திரை தெரிகிறதா என்று பார்த்தது, கடைசியில் ஒன்றைப் பிடித்துப்போய் இதுதான் வேண்டும் என்றது. 17,500 ரூபாய் என்றேன். அப்பா தயங்கித் தயங்கித் தன் போனைத் திருப்பிக் காட்டினார். அதே மாடல், அதே கலர், 15,999. நான் ஒன்றும் பேசவில்லை, ஃபைலில் இருந்து பர்ச்சேஸ் பில்லை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் எனக்குப் போட்ட விலையே ஜிஎஸ்டியோடு சேர்த்து 16,800. எனக்கு ஒரு பைசா லாபம் வேண்டாம் என்று கொடுத்தால்கூட எண்ணூறு ரூபாய் கையை விட்டுப் போகும். "தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி, ஆயிரத்தைந்நூறுங்கிறது எனக்குப் பெரிய காசு" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது? அவர் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. ஒரு வாரம் கழித்து அதே போனோடு வந்தார்கள், பழைய போனில் இருந்த நம்பர்களையும் போட்டோக்களையும் மாற்றித் தரச் சொல்லி. மாற்றிக் கொடுத்தோம்.

டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேட்டால் கம்பெனி போட்ட விலை, நான் என்ன செய்ய முடியும் என்கிறார். கம்பெனி ஆளிடம் கேட்டால், அது ஆன்லைனில் விற்கிறவர் சொந்தமாகக் கொடுக்கும் தள்ளுபடி, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்கிறார். வாங்கின விலைக்கும் கீழே மாசக்கணக்கில் விற்று அந்த நஷ்டத்தைத் தாங்குகிற அந்த வியாபாரி யார் ஐயா? அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? புது மாடல்களின் கதை இதைவிட மோசம். ஆளுக்கு ஆள் வந்து கேட்கும்போது கம்பெனிக்காரர்கள் "அது ஆன்லைன் மட்டும்" என்பார்கள். பரபரப்பு அடங்கின பிறகு கடைக்கு அனுப்புவார்கள், அப்போதும் ஓடாத மாடல் ரெண்டு எடுத்தால்தான் ஓடுகிற மாடல் ஒன்று.

இதற்கெல்லாம் விதி இல்லையா என்றால், இருக்கிறது. நீங்கள் எழுதியதுதான். 2018 டிசம்பர் 26-இல் வெளியிட்டு 2019 பிப்ரவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்த பிரஸ் நோட் 2, அதாவது ஆன்லைன் வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றிய அரசு அறிவிப்பு. அந்நிய முதலீடு உள்ள ஆன்லைன் சந்தை, பொருளின் விலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தலையிடக் கூடாது, எங்கள் தளத்தில் மட்டும்தான் விற்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதானே இருக்கிறது, கம்பெனி தானாகவே விரும்பி ஆன்லைனில் மட்டும் விற்றால்? அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் போகிறது. வியாபாரத்தில் நியாயமான போட்டி இருக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையம், 2020 ஜனவரியில் அமேசான், பிளிப்கார்ட் மேல் இதைப் பற்றி விசாரணைக்கு உத்தரவிட்டது. அது கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ பேர் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

பேங்க் கார்டு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பண்டிகை நேரத்தில் ஆன்லைனில் கார்டு போட்டால் உடனடியாகப் பத்து சதவீதம் தள்ளுபடி, அரசு வங்கிக் கார்டுக்கும் கூட. அதே கார்டை என் கடையில் தேய்த்தால் வாங்குகிறவருக்கு ஒன்றும் கிடையாது, என்னிடம்தான் கட்டணம் பிடிக்கிறார்கள். மக்கள் பணத்தில் நடக்கிற வங்கி கடைத்தெருவுக்கு ஒரு கண்ணும் ஆன்லைனுக்கு ஒரு கண்ணுமாக ஏன் இருக்க வேண்டும்? 2020 ஏப்ரலில் செல்போன் ஜிஎஸ்டியை 12-லிருந்து 18 சதவீதம் ஆக்கினீர்கள், கட்டினோம். கடை வாடகை, கரண்டு பில், தொழில் வரி, வேலை பார்க்கிற பையன்களின் சம்பளம், எதிலும் எங்களுக்கு யாரும் ஆஃபர் தரவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும். மானியம் வேண்டாம், கடன் தள்ளுபடி வேண்டாம், ஆன்லைனை மூடவும் சொல்லவில்லை. அந்த பிரஸ் நோட்டில் உள்ள ஓட்டையை அடைத்துவிடுங்கள். ஆன்லைனுக்குக் கொடுக்கிற அன்றைக்கே, அதே விலைக்குக் கடைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று போன் தயாரிக்கிற கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு போடுங்கள். கார்டு தள்ளுபடி எங்கே வாங்கினாலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நிதி அமைச்சகத்திடம் பேசுங்கள். அடுத்த தீபாவளிக்குச் சரக்கு எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோவில்பட்டியிலிருந்து ஒரு செல்போன் வியாபாரி