குமரகம் போய்வந்த விவரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வந்து சேர்ந்தோம். அன்றைக்கே போன் செய்தேன். நீ 'சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இதை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். உங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் தபாலை ஒழுங்காகக் கொடுப்பதில்லை என்று எப்போதோ நீ சொன்னதாக ஞாபகம்.

கேரளத்துக் குமரகத்துக்கு நீ செய்துகொடுத்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பதாவது கல்யாண நாளை இப்படிக் கொண்டாட நம் வீட்டில் யாருக்குக் கொடுத்துவைத்தது? சித்தி போட்டோவைப் பார்த்துவிட்டு, 'அக்கா, நீ மகாராணிதான்' என்றாள். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது அதில். இருக்கட்டும்.

ஐயப்பன் சீசன் முடிந்துவிட்டதால் குமுளி மலை ரோடு காலியாகத்தான் இருந்தது. லோயர் கேம்ப்பில் அந்த நாலு ராட்சதக் குழாய் வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். சர்வீஸ் முழுக்கப் பார்த்த குழாய்தான். இருந்தாலும் டிரைவர் தம்பிக்கு ஒரு பாடம் நடந்தது. 1895இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை, இன்றைக்கும் ஐந்து மாவட்டத்துக்குச் சோறு போடுகிறது என்று. வண்டிப்பெரியாரில் டீ குடித்தோம். குட்டிக்கானம் இறக்கத்தில் எனக்கு வழக்கமான குமட்டல், எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கண்ணை மூடிக்கொண்டேன். முண்டக்கயம் வந்து ரப்பர் தோட்டமும் வெக்கையும் தொடங்கியதும் சரியாகிவிட்டது. கோட்டயம் தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்தான்.

ஹோட்டல் வாசலிலேயே இளநீர், குளிர்ந்த துண்டு, நெற்றியில் சந்தனம். எங்கள் அறைக் கட்டிலில் ரோஜா இதழால் ஹார்ட் போட்டு, துண்டை மடித்து இரண்டு அன்னம் செய்து வைத்திருந்தார்கள். எறும்பு வரும் என்று அப்பா முதல் வேலையாக இதழை எல்லாம் வழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அன்னத்தைப் பிரித்து முகம் துடைத்துக்கொண்டார். குளியலறைக்கு மேலே பாதிக்குக் கூரை கிடையாது, வானம் தெரிகிறது. அதற்குத்தான் பணமாம். உன் அப்பா கடைசி நாள் வரை துண்டைக் கட்டிக்கொண்டேதான் குளித்தார்.

ரிசப்ஷனில் நாகர்கோவில் பெண் ஒருத்தி இருந்தாள், உன் வயதுதான் இருக்கும். 'உங்க பொண்ணு ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க ஆன்ட்டி. அம்மாவுக்கு முட்டிவலி, படி இல்லாத ரூம்தான் வேணும், கழிப்பறையில பிடிச்சுக்கக் கம்பி இருக்கான்னு எல்லாம் கேட்டாங்க' என்றாள். பக்கத்தில் நின்ற இன்னொரு குடும்பமும் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் முட்டியைப் பற்றி இவ்வளவு விசாரிக்கத் தெரிந்தவளுக்கு, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே என்றும் இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு. போன தடவை வீடியோவில் பார்த்தபோது தோள் எலும்பு தெரிந்தது.

சாப்பாடு என்றதும் சொல்கிறேன். காலையில் ஆப்பம், கடலைக்கறி, புட்டு, இடியாப்பம், அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரச் சாப்பாடு ஒரு வரிசை. மதியம் கரிமீன் பொள்ளிச்சது. மசாலா தடவி வாழையிலையில் கட்டிக் கல்லில் போட்டு எடுக்கிறார்கள். கேரளத்தில் அதை மாநில மீன் என்றே வைத்திருக்கிறார்களாம். ருசிதான், ஆனால் வைகை அணையில் பொரித்துத் தருவார்களே ஜிலேபிக் கெண்டை, நீயும் அப்பாவும் போட்டி போட்டுச் சாப்பிடுவீர்கள், அதற்குக் கொஞ்சம் கீழேதான் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கல்யாண நாள் ராத்திரி படகுத்துறை ஓரத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் விருந்து என்று தனியாக மேசை போட்டிருந்தார்கள். 'தம்பி, முள்ளு தெரியலை, லைட்டைப் போடுங்க' என்று அப்பா கேட்டார். அந்தப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்கிருந்தோ ஒரு டார்ச் கொண்டுவந்து வைத்தான். நானும் சிரித்தேன். நீ இருந்திருந்தால் இதை வீடியோ எடுத்திருப்பாய்.

நீங்கள் வருவதாக இருந்த அறை எங்களுக்கு அடுத்ததுதான். மூன்று நாளும் பூட்டியே கிடந்தது. பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டேன், கடைசி நேரத்தில் ரத்து செய்ததால் தர மாட்டார்களாம். அவ்வளவு பணம்! இரண்டாம் நாள் அந்தப் பெண்ணிடம் சும்மா ஒரு தடவை திறந்து காட்டச் சொன்னேன். அங்கேயும் துண்டில் அன்னம் இருந்தது, ஒன்றே ஒன்று. மேசையில் வரவேற்பு அட்டை. எங்கள் அறை அட்டையில் இரண்டு பேர் பெயரும் எழுதியிருந்தது. இதில் உன் பெயர் மட்டும்தான். அதுவும் பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் இருக்கிறதே, அப்பா பெயரோடு, அந்தப் பெயர். பாஸ்போர்ட்டில் இன்னும் மாற்றாமல் இருப்பாய், அதை வைத்துப் பதிந்திருப்பாய். ஹோட்டலில் இப்படித் தப்பாகப் போடுவது சகஜம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்பா பார்க்கவில்லை.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் நீ மட்டும் வந்து எங்களோடு இருக்கலாம் என்று நினைத்திருந்தாயோ என்னவோ. வந்திருக்கலாமே பாப்பா. இரண்டு பேரும் வந்தால்தான் வர வேண்டும் என்று யார் சொன்னார்கள்? தனியாக வந்து எங்களிடம் ஏதாவது பேசலாம் என்று... சரி, அதை விடு.

பறவைகள் சரணாலயம் அவ்வளவு பெரிதில்லை. பேக்கர் என்ற வெள்ளைக்காரக் குடும்பத்தின் எஸ்டேட்டாக இருந்த இடமாம். எனக்குப் பாதியிலேயே கால் வலித்தது. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது 2000 டிசம்பரில் முட்டி ஆபரேஷன் ஆன கையோடு இந்தக் குமரகத்தில்தான் வந்து ஓய்வெடுத்தார் என்று வழிகாட்டி சொன்னார். பிரதமருக்கே முட்டி என்றால் எனக்கென்ன என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவுக்கு உண்மையான கல்யாண நாள் பரிசு எது தெரியுமா? ஸ்பாவும் இல்லை, நீச்சல்குளமும் இல்லை. தண்ணீர்முக்கம் தடுப்பணை. அதைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். டாக்ஸி பிடித்துப் போனோம், அரைநாள் அங்கேயே போய்விட்டது. வேம்பநாட்டு ஏரிக்குக் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமாகக் கட்டி வரிசையாக ஷட்டர் போட்டிருக்கிறார்கள். கோடையில் கொச்சிப் பக்கத்திலிருந்து கடலின் உப்புத்தண்ணீர் ஏறி வருமாம். குட்டநாட்டில் வயலெல்லாம் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது, உப்பு ஏறினால் நெல் போச்சு. அதனால் மார்கழியில் ஷட்டரை இறக்கினால் பங்குனி, சித்திரையில்தான் தூக்குவார்கள். ஆனால் மூடிவைத்தால் மீனும் இறாலும் இந்தப் பக்கம் ஏற முடியாது. உப்பு பட்டால் சாகிற ஆகாயத்தாமரையும் சாகாமல் ஏரி முழுக்கப் படர்ந்துவிடுகிறது. படகு போக வழியில்லை. விவசாயி மூடு என்கிறார், மீன்காரர் திற என்கிறார், வருஷா வருஷம் இந்தச் சண்டைதானாம். அங்கே காவலுக்கு இருந்த பெரியவரோடு அப்பா பாதித் தமிழ் பாதி மலையாளத்தில் ஷட்டர் கிரீஸ் போடுவது வரைக்கும் பேசினார். கால்வாய் வேலையில் இருந்து ரிட்டயர் ஆன பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வெயிலில் நின்ற எனக்குத்தான் மண்டை காய்ந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் பேச்சே இல்லை. திடீரென்று, 'பாப்பாவுக்குப் பணம் ஏதாவது வேணுமானு கேளு' என்றார். இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிவந்தவளுக்கு என்ன பணம் என்று கேட்டேன். 'கேளுன்னா கேளு' என்றார். அவ்வளவுதான், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அட்டையைக் காட்டவில்லை என்று மறுபடி சொல்கிறேன். அவர் தானாகத்தான் கேட்டார். போஸ்ட் ஆபீஸ் டெபாசிட் வருகிற மாதம் முதிர்கிறது. உனக்கு வேண்டுமா என்று கேட்கிறேன், அவர் கேட்கச் சொன்னதால்.

பொங்கல் சீர் விஷயம் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. வருஷா வருஷம் தருவதை இந்த வருஷம் வேண்டாம் என்றாய், உன் மாமியார் ஊரில் இல்லை என்று காரணம் சொன்னாய். தை பிறந்த நாலாம் நாள் திண்டுக்கல் கல்யாணத்தில் சித்தி அவர்களைப் பார்த்திருக்கிறாள். கும்பிட்டாளாம். அவர்களும் கும்பிட்டார்களாம், ஆனால் 'அக்கா சௌக்கியமா' என்று ஒரு வார்த்தை இல்லையாம். நாங்கள் ஏதாவது முறை தவறிவிட்டோமா? அப்படி இருந்தால் சொல், நானே நேரில் போய்ப் பேசுகிறேன். பேச வேண்டாம் என்றால் பேசவில்லை. மாப்பிள்ளை கல்யாண நாள் வாழ்த்து அனுப்பினார். அப்பாவுக்குத் தனியாக, எனக்குத் தனியாக, மரியாதையாகத்தான். 'நாங்கள்' என்று எழுதாமல் 'நான்' என்று எழுதியிருந்தார். இதையெல்லாம் ஒரு அம்மா கவனிப்பாளா என்று கோபப்படாதே. வீடியோவில் உன் பின்னால் தெரிகிற சுவரையும் கவனிக்கிறேன். சோபாவும் தஞ்சாவூர்ப் படமும் இருந்த இடத்தில் கொஞ்ச நாளாக வெறும் மஞ்சள் சுவர்தான் இருக்கிறது. பெயின்ட் அடித்திருப்பீர்கள்.

மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். குமரகம் போவதற்கு முன்பே செய்துவிட்டேன். தேங்காய் மூட்டையை எல்லாம் கீழே இறக்கியாயிற்று, ஃபேன் மாற்றியாயிற்று. நெட் கனெக்‌ஷனுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், மாடியில் நன்றாக எடுக்குமாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உங்கள் ஆபீஸில் சொல்கிறார்களே, அதற்காகச் சொன்னேன். ஒரு வாரமோ ஒரு மாதமோ உன் இஷ்டம். யார் வந்து கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன். எதிர்வீட்டம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியாதவள் இல்லை நான்.

உன் பெரிய அத்தை நம் வீட்டுத் திண்ணையில் டிரங்குப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தை. பின்னால் கேள்விப்பட்டிருப்பாய். அன்றைக்கு உன் தாத்தா பேசிய பேச்சை இந்த வீட்டில் இனி யாரும் பேச மாட்டார்கள். போன ஆடியில் அத்தை திவசத்தன்று அப்பாவே இதைச் சொன்னார், யாரும் கேட்காமலே. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன். வேறு ஒன்றும் இல்லை.

இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்து 'ஒண்ணுமில்லைம்மா, நீயா ஏதாவது கற்பனை பண்ணாதே' என்று சொல்லப்போகிறாய். சொல். கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. பிஸ்கட்டும் காபியும் சாப்பாடு இல்லை. மாடி அறைச் சாவி வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது.

நேற்று மிளகாய்த்தூள் அரைத்துவந்தேன். சாம்பார்ப்பொடி, பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் தயார். கோட்டயத்தில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸும் ஒரு பாக்கெட் உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன், நமுத்துப்போவதற்குள் கொரியரில் போட வேண்டும். எவ்வளவு பொடி போடட்டும், எந்த முகவரிக்கு அனுப்பட்டும் என்று மட்டும் எழுது. பழைய முகவரி என்றால் அரைக்கிலோ போடுகிறேன். வேறு முகவரி என்றால் கால்கிலோ போதும் இல்லையா?

அன்புடன்,
அம்மா