கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டில் நம் ஊர்ப் பண்டங்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், கிறிஸ்துமஸ் விருந்துக்கு அகலமான மரப்பலகையில் பல வகை இனிப்புகளை அடுக்கி மேசையின் நடுவே வைக்கும் முறை பற்றி ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பலகையைச் சுற்றி அமர்ந்து, பேசிக்கொண்டே அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் படத்தில் இருந்த ஸ்ட்ராபெர்ரி, வெளிநாட்டுச் சாக்லேட், கிரீம் நிரப்பிய பிஸ்கட் ஆகியவற்றில் ஒன்றுகூட, குமரி, தூத்துக்குடி மாவட்ட வீடுகளில் டிசம்பர் மாதம் எண்ணெய்ச் சட்டி ஏறும்போது செய்யப்படும் பண்டம் அல்ல. எங்கள் பகுதியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, வெள்ளைத் துணியால் மூடிய பலகாரத் தட்டு மத வேறுபாடு இல்லாமல் தெருவில் உள்ள எல்லா வீடுகளுக்கும் போகும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அதே தட்டு நிறைந்து திரும்பி வரும். புதிதாகப் பலகை அடுக்க விரும்பும் இளம் குடும்பங்களுக்கு அந்தத் தட்டைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலிடம் முந்திரிக்கொத்துக்கு. பெயரைப் பார்த்து முந்திரிப்பருப்புப் பண்டம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. அதில் முந்திரிப்பருப்பு கிடையாது. வறுத்துத் திரித்த சிறுபயற்றோடு தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய், சுக்கு சேர்த்து, வெல்லப்பாகிலோ கருப்பட்டிப் பாகிலோ பிசைந்து உருட்டி, மூன்று மூன்று உருண்டைகளாகச் சேர்த்து அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பார்கள். அப்படி ஒட்டி நிற்பது கொடிமுந்திரி என்னும் திராட்சையின் குலையைப் போல் இருப்பதால் இந்தப் பெயர் வந்தது என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். இதன் உயிர் தேங்காயில் இருக்கிறது. துருவலைச் சிறுதீயில் ஈரம் முழுவதும் போய்ச் சிவக்கும்வரை வறுக்காமல் அவசரப்பட்டால், நான்காம் நாளே உருண்டைக்குள்ளிருந்து காறல் வாடை எழும். பொறுமையாக வறுத்தால் இரண்டு வாரம் டின்னில் அப்படியே இருக்கும். பாகு ஆறிவிட்டால் மாவு உதிரும் என்பதால், கை பொறுக்கும் சூட்டிலேயே நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து உருட்ட வேண்டும். தனியாக ஒருவர் செய்து முடிக்க முடியாத பலகாரம் இது. கூட்டுக் குடும்பங்கள் குறைந்த பிறகு இது வீடுகளை விட்டுக் கடைக்குப் போனதற்கு அதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அச்சு முறுக்குக்கு வேண்டியது ஆள்பலம் அல்ல, கைப்பழக்கம். காயும் எண்ணெயிலேயே அச்சைப் போட்டு நன்றாகச் சூடாக்கி, மாவுக் கரைசலில் முக்கால் பங்கு மட்டுமே முக்க வேண்டும். அச்சு முழுவதும் மூழ்கிவிட்டால் மாவு மேற்புறமும் மூடிக்கொண்டு கழன்று வராது. அச்சு சூடேறாமல் இருந்தால் மாவு ஒட்டவே ஒட்டாது. புதிய அச்சாக இருந்தால் முந்தின இரவே எண்ணெயில் ஊறப்போட வேண்டும். சமையல் குறிப்புகளில் மாவின் அளவும் சர்க்கரையின் அளவும் எழுதுகிறார்களே ஒழிய, இந்த முக்கால் பங்குக் கணக்கை எழுதுவோர் குறைவு. அதனாலேயே பல பெண்கள் முதல் முயற்சியோடு அச்சைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

மாவைச் சிறு சங்குபோல் சுருட்டிப் பொரிக்கும் இனிப்பான கலகலாவைக் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். சீப்பின் பற்களில் மாவை அழுத்திச் சுருட்டுவதில் அவர்களுக்குத் தனி உற்சாகம்.

தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் செய்பவர்கள் மிகக் குறைவு, பேக்கரியில்தான் வாங்குகிறோம். 16ஆம் நூற்றாண்டில், தூத்துக்குடியைச் சுற்றிய கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியரின் தொடர்பு இதற்கு உண்டு என்பார்கள். ஐரோப்பாவில் பாதாம் மாவில் செய்யப்படும் பண்டம், அதே போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த முந்திரியில் இங்கே செய்யப்படுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித்தூள் ஆகிய மூன்றே பொருள்கள். நுரைக்க அடித்துக் கூம்பாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் நீண்ட நேரம் வைத்து உலர்த்தி எடுக்கிறார்கள். சாத்தான்குளம் பக்கம் 1799இல் உருவான முதலூர் என்ற கிராமத்தின் மஸ்கோத் அல்வா இன்னொரு சிறப்பு. நெய் சேர்க்காமல் மைதாப் பாலையும் தேங்காய்ப் பாலையும் சர்க்கரையோடு சேர்த்துக் கிளறி, தேங்காய் எண்ணெய் பிரிந்துவரும் பதத்தில் இறக்குவது அதன் முறை. இவற்றோடு, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும், டிசம்பரில் சந்தைக்கு வரத் தொடங்கும் பனங்கிழங்கை அவித்து நறுக்கிய துண்டுகளையும் வைத்தால், எந்த வெளிநாட்டுப் பண்டமும் இல்லாமலே தட்டு நிறைந்துவிடும்.

அடுக்கும் முறைக்கு வருகிறேன். நிறப் பொருத்தத்தைப் பற்றித் தங்கள் கட்டுரை விரிவாகச் சொன்னது. ஈரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மக்ரூனும் அச்சு முறுக்கும் காற்றின் ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். மார்கழிப் பனியிலும் கடற்கரைக் காற்றிலும் அவற்றை ஒரு மணி நேரத்துக்கு முன்பே எடுத்து அடுக்கினால், விருந்தினர் வரும்போது முறுக்கு வளையும், மக்ரூன் பல்லில் ஒட்டும். ஆகவே அவை டின்னிலிருந்து கடைசியாக வெளியே வர வேண்டும். எண்ணெய் கசியும் மஸ்கோத்தை வாழையிலைத் துண்டில் தனியாக வைத்து, அதற்கும் முறுக்குக்கும் இடையில் முந்திரிக்கொத்தை அடுக்குவது எங்கள் வீட்டு வழக்கம். கிரீம் கேக், பால்கோவா போன்றவற்றை இந்தத் தட்டிலேயே வைக்காமல் பரிமாறும் நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தனியாக எடுப்பது நல்லது. அவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. தட்டின் அடியில் செய்தித்தாளை விரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தங்கள் நாளிதழை நான் நாள்தோறும் மதிப்போடு வாசிப்பவள் என்றாலும், அச்சு மை பலகாரத்தில் ஏறும் என்பதால் உணவைச் செய்தித்தாளில் வைப்பதையும் பொட்டலமிடுவதையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்திருக்கின்றன என்பதைத் தாங்களே வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னால் அதன் பயன் பெரிதாக இருக்கும்.

இக்கடிதத்தை எழுத என்னைத் தூண்டியது வேறொரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன்பு, அடுத்த வீட்டு அக்காவுக்கு வழக்கம்போல் தட்டு கொடுத்தனுப்பினேன். முட்டை, இறைச்சி எதையும் தொடாத குடும்பம் அது. அவர்களுக்குப் போகும் தட்டில் கேக் வைக்கக் கூடாது என்ற கவனம் எனக்கு இருந்தது. மக்ரூன் முழுக்க வெள்ளைக்கருவால் ஆனது என்பதும், அந்த ஆண்டு அச்சு முறுக்கு மாவில் என் மருமகள் முட்டை அடித்து ஊற்றியிருந்தாள் என்பதும் அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. மூன்று நாள் கழித்து, "இதில் என்ன சேர்த்தாய் தங்கச்சி, இவ்வளவு மொறுமொறுப்பாக இருக்கிறதே?" என்று அவர் ஆசையோடு கேட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது. உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமல் நடந்ததுதானே" என்றார். ஆனால் முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கைக்கு நான் செய்த குறை அது என்ற வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது. அதன் பிறகு எங்கள் வீட்டு அச்சு முறுக்கு தேங்காய்ப்பாலில் மட்டுமே செய்யப்படுகிறது. முட்டை சேர்ந்தவை தனித் தட்டில் வைக்கப்பட்டு, முட்டை, முந்திரி, நிலக்கடலை எதில் இருக்கிறது என்று எழுதிய சிறு சீட்டும் உடன் போகிறது. முந்திரியும் நிலக்கடலையும் சிலருக்கு மூச்சுத் திணறல் வரும் அளவுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், குழந்தைகள் கூடும் விருந்தில் இந்தச் சீட்டு அவசியமானது.

கடைக்காரர்களும் இதைச் செய்ய வேண்டும். பொட்டலமிட்ட உணவில் முட்டை சேர்ந்திருந்தால் அசைவக் குறியீடு இட வேண்டும், ஒவ்வாமை தரும் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் எடைபோட்டுக் காகிதப் பையில் கொடுக்கும் மக்ரூனில் வாங்குபவர் எதைப் பார்ப்பது? உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கு எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்பதைத் தட்டின்மேல் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் விதி நடைமுறையில் உள்ளது. அந்த அட்டை கடையிலேயே நின்றுவிடுகிறது. விருந்து மேசைக்கு வருவது பெட்டி மட்டுமே. விற்பவர் அந்த நாளையும் "முட்டை சேர்ந்தது" என்ற இரண்டு சொற்களையும் பெட்டியின்மேல் பேனாவால் எழுதித் தந்தால் போதும். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. விருந்துக்கு இருபது பேர் வந்தால் அவர்களில் ஒருவருக்காவது அது இருக்கும் என்று எண்ணியே தட்டை அடுக்க வேண்டியிருக்கிறது. கருப்பட்டிப் பலகாரம் சர்க்கரை நோயாளிக்குக் கெடுதல் செய்யாது என்று சொல்லி அவர்கள் கையில் திணிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் பரவலாக இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சிறப்பும் அதற்கு உண்டு. ஆயினும் அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். அவர்களை வற்புறுத்தாமல், தட்டின் ஒரு பக்கத்தில் வறுத்த நிலக்கடலை, சுண்டல் ஆகியவற்றை வைப்பதும், எல்லா இனிப்புகளையும் பாதி அளவில் செய்வதும் அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை. நெல்லிக்காய் அளவு முந்திரிக்கொத்து எலுமிச்சம்பழ அளவினதைவிட அழகாகவும் இருக்கிறது, தட்டில் மிஞ்சிக் கிடப்பதும் இல்லை. ஆளுக்கு மூன்று துண்டு என்று கணக்கிட்டு அறுபது துண்டுகள் வைத்தால் இருபது பேருக்குத் தாராளம்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வரும் ஆண்டிலிருந்து நவம்பர் கடைசி வாரத்திலேயே, மாவட்டத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் பலகாரத்தை எடுத்து, அதைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பெண்களிடம் நேரில் கேட்டு, பொருள்களின் அளவு, பதம், எத்தனை நாள் இருக்கும், முட்டையும் பருப்பும் சேர்கிறதா என்ற விவரங்களோடு வெளியிடுங்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வெளியிட்டால் படிக்க மட்டுமே நேரம் இருக்கும். பயற்றை வாங்கிக் காயவைத்துத் திரிக்க நேரம் இருக்காது. எங்கள் வீட்டில் ஒரு கிலோ சிறுபயற்றுக்குச் செய்யும் முந்திரிக்கொத்தின் அளவுகளைத் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அதையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
நாகர்கோவில்.