கடலைமிட்டாய் டப்பா வந்து சேர்ந்தது

அன்புள்ள நெட்டைக்கு,

டப்பா உடையாமல் வந்து சேர்ந்தது. கோவில்பட்டிக்காரியாகவே மாறிவிட்டாய், சந்தோஷம். ஆனால் என் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டரை வயதிலிருந்து ஐந்து வரைதான். முழுக் கடலை தொண்டையில் சிக்கினால் அவ்வளவுதான். அதனால் ஆயாம்மா அத்தனையையும் உரலில் இடித்துப் பொடியாக்கி ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தார். இரண்டு நாளாக வகுப்பு முழுக்க வெல்லப்பாகு வாசனை. எறும்பும் வந்தது, அது தனிக் கதை.

இப்போது 34 பிள்ளைகள். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் நாடு முழுக்க 78,000 பேரோடு சேர்ந்து நாமும் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அன்றைக்கு இனிமேல் மத்தியானம் தூங்கப்போகிறேன் என்று சொன்னவள் நான். இப்போது மத்தியானம் 34 பேரைத் தூங்கவைக்கிறேன்.

நீ துரைப்பாக்கத்தைப் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்? கண்ணகி நகரில் 2000 வாக்கில் கூவம், அடையாறு, கால்வாய்க் கரைகளில் இருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைக்க ஆரம்பித்தார்கள். சுனாமிக்கு அப்புறம் இன்னும் நிறையக் குடும்பங்கள் வந்தன. இன்று 15,000 வீடுகளுக்கு மேல். எங்கள் பள்ளி அதற்குக் கொஞ்சம் வெளியே, ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். இதைவிடக் குறைந்த வாடகைக்கு மொட்டைமாடியில் ஓலைக் கொட்டகை போட்ட இடம் ஒன்று கிடைத்தது. 2004-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் போன பிறகு ஓலைக்கூரைக்குக் கீழே பிள்ளைகளை உட்காரவைக்க எனக்கு மனசு வருமா? அடுப்பையும் பின்கட்டில்தான் வைத்திருக்கிறோம். அதற்குத் தனி வாசல்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து 55 அங்குல டிவி வாங்கித் தருகிறான், ஸ்மார்ட் கிளாஸ் வைத்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். நல்ல பையன். அவன் மனசு நோகாமல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வதென்று நான்கு நாளாக யோசிக்கிறேன். நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

மாதக் கணக்கைக் கேள். வாடகை 6,000. இரண்டு மிஸ்ஸுக்கும் 9,000 வீதம் 18,000. ஆயாம்மாவுக்கு 7,000. அரிசி, காய்கறி, பால், முட்டை, கேஸ் எல்லாம் சேர்ந்து 12,000. சோப்பு, பினாயில், கரண்ட் 2,000. ஆக 45,000. இதில் ஒன்றையாவது போட்டோ எடுக்க முடியுமா? பினாயில் பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்று யார் படம் எடுத்துக்கொள்வார்கள்? அதனால்தான் இதற்கெல்லாம் பணம் வருவதில்லை. மூன்று வருஷத்தில் வந்து குவிந்தவற்றைச் சொல்கிறேன்: சுவர்க் கடிகாரம் மூன்று, பிள்ளைகளின் முழங்கால் வரை தொங்கும் பைகள் அறுபது, அப்புறம் கேக். கேக்கோ கேக். பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் பிள்ளைகளை வரிசையில் கைகூப்பி நிற்கவைத்து எடுத்துக்கொள்ளும் படத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு மாதத்தில் நான்காவது கேக் வந்தபோது ஒரு வாண்டு, "மிஸ், இன்னிக்கு யாருக்கு?" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டது. அன்றோடு நிறுத்திவிட்டேன். வரலாம், போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் காய் நறுக்கலாம். அப்படியும் இரண்டு பேர் வருகிறார்கள், கேரட்டை அழகாக நறுக்குவார்கள்.

இப்போது என் கவலையெல்லாம் ஆயாம்மாதான். பக்கத்து ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு 13,000 தருகிறார்களாம். இன்னும் போகவில்லை, ஆனால் போனால் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவர் போய்விட்டால் மத்தியானத்துக்கு மேல் பள்ளியை நடத்த முடியாது. தூங்கவைப்பது, கால்சட்டை மாற்றுவது, ஆறு மணி வரை பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான். அம்மாக்கள் காலை ஆறரைக்கு ஓஎம்ஆர் பக்கம் வீட்டு வேலைக்குக் கிளம்பினால் திரும்ப ஐந்தரை ஆகிவிடும். அங்கன்வாடியில் சோறு உண்டு, முட்டை உண்டு, நல்லவிதமாகவே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அது சாயங்காலத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும். நாங்கள் கொடுப்பது உண்மையில் அந்த மீதி நேரத்தைத்தான்.

அந்த நேரம் யாருடையது என்று போன ஆடியில்தான் புரிந்தது. ஆயாம்மா கூழ் ஊற்றுகிறேன் என்று ஐந்து நாள் லீவு. பன்னிரண்டரைக்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டோம். மூன்றாம் நாள், பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் போன் செய்து, "மேடம், நீங்க எப்ப முழு நாள் திறப்பீங்க? ஆறாம் வகுப்புல மூணு பொண்ணுங்க வரலை" என்றார். மூன்றும் எங்கள் பிள்ளைகளின் அக்காமார்! அதில் ஒருத்தி தினமும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். அவனை இறக்கிவிட்ட பிறகும் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். பதினோரு வயசுதான்டி, நெட்டை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவாள். நாங்கள் இங்கே ஒரு பிள்ளையைச் சேர்த்தால் அங்கே ஆறாம் வகுப்பில் ஒரு பெண் உட்காருகிறாள் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

மாதம் 150 ரூபாய் ஃபீஸ் வாங்குகிறேன் என்று நீ திட்டினாய் அல்லவா, ஏழைகளிடம் எதற்கு என்று? முதல் வருஷம் இலவசமாகத்தான் நடத்தினேன். ஃபீஸ் வாங்கச் சொன்னதே ஒரு அம்மாதான். "சும்மா விட்டா, நாளைக்கு நீங்க மூடிட்டுப் போனா எங்களால கேக்கக்கூட முடியாதுல்ல மேடம்." நான் வாயடைத்துப் போனேன். இப்போது நன்றாகவே கேட்கிறார்கள்! சாம்பாரில் காரம் அதிகம் என்கிறார்கள், விசேஷ நாளில் ஏன் லீவு என்கிறார்கள். கொடுக்க முடியாதவர்களிடம் வற்புறுத்துவதில்லை, மாதம் நாலாயிரம் மாதிரி சேரும். உன்னோடு சேர்த்துப் பழைய ஆபீஸ் தோழிகள் 11 பேர் ஆளுக்கு ஆயிரம், ஒரு அடுக்குமாடிச் சங்கம் 20,000. குறைவது என் பென்ஷனில்.

அவர்கள் கேட்பதில் எனக்குச் சங்கடமானது ஒன்றுதான். "எழுதவே மாட்டேங்குறானே, எப்பப் பாத்தாலும் வெளயாட்டுதானா?" மூன்று வயதுப் பிள்ளை ஏபிசிடி எழுத வேண்டும், ஹோம்வொர்க் வேண்டும், முடிந்தால் டை வேண்டும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சேர்க்கையின்போது பிள்ளையைச் சோதிக்கக் கூடாது என்று 2009 சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் எல்கேஜிக்குப் போனால், "சும்மா பேசிப் பாக்குறோம்" என்று ஏ டு இசட் கேட்கிறார்கள். கொள்கையை விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று இருந்தேன். கடைசியில் நாலரை வயது ஆனவர்களுக்குப் பென்சில் கொடுத்தேன். தோல்வி என்றே வைத்துக்கொள்.

ஆனால் அந்த விளையாட்டை நீ பார்க்க வேண்டும். வேறெங்காவது பிள்ளைகள் அப்பா அம்மா விளையாட்டு விளையாடும், இங்கே தண்ணி லாரி விளையாட்டு. ஒருத்தன் டிரைவர், வாயாலேயே ஹார்ன். மற்றவர்கள் பாட்டில், மக்கு, டம்ளர் எல்லாம் வரிசையில் வைக்கிறார்கள். "ஏய், நான் மொதல்லயே கொடம் வெச்சிட்டுப் போனேன்" என்று இடுப்பில் கைவைத்துச் சண்டை. யாருக்குப் பாதி, யாருக்கு முழுசு, எத்தனை டம்ளர் ஊற்றினால் ஒரு பாட்டில், எல்லாக் கணக்கும் அதில் இருக்கிறது. எழுதத் தெரியாத பையன், "இவளுக்கு மூணு ஊத்திட்ட, எனக்கு ரெண்டுதான்" என்று பஞ்சாயத்து வைக்கிறான். இதை அம்மாக்களிடம் சொன்னால், தண்ணி பிடிக்க நாங்களே சொல்லித்தருவோம் மேடம், இதுக்கு ஸ்கூல் எதுக்கு என்று சிரிக்கிறார்கள்.

ஹாஸ்டலில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு ஆலமரம் பார்க்கப் போவோமே, அந்தத் தியசாபிகல் சொசைட்டிக்குத்தான் 1939-ல் மாண்டிசோரி அம்மையார் பயிற்சி கொடுக்க வந்தார். யுத்தம் வந்ததால் வருஷக்கணக்கில் இந்தியாவிலேயே தங்க வேண்டியதாயிற்று. அவருடைய முதல் பள்ளி 1907-ல் ரோமில், சான் லோரென்சோ என்ற ஏழைப் பேட்டையில். பெற்றோர் வேலைக்குப் போனதும் குடியிருப்புப் பிள்ளைகள் சுவரையெல்லாம் கிறுக்கிப் பாழாக்குகிறார்கள் என்று கட்டடக்காரர்கள் ஒரு அறையை ஒதுக்கி அவரைக் கூப்பிட்டார்கள். அங்கே ஆரம்பித்த பெயரை இன்று போர்டில் பார்த்தாலே ஃபீஸைக் கேட்கப் பயமாக இருக்கிறது. கண்ணகி நகரில் கதை தலைகீழ். 2020-ல் ஓவியர்களே வந்து சுவர் முழுக்கப் பெரிது பெரிதாகப் படம் வரைந்துவிட்டார்கள். எங்கள் வாண்டுகளுக்குக் கிறுக்க இடமில்லை.

ஆகவே, உன் அக்கா மகனிடம் இப்படிச் சொல்: ஆயாம்மாவுக்கு மாதம் 5,000 கூட்டிக் கொடுக்க, இரண்டு வருஷத்துக்கு. டிவி விலையைவிட அதிகமாகத்தான் ஆகும், மாதாமாதம் அனுப்பட்டும். போட்டோ வராது. வேண்டுமானால் ஆயாம்மாவின் வருகைப் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன், ஐந்து நாள் ஆடி லீவோடு சேர்த்து.

நீ தையில் வருவதாகச் சொன்னாயே, வரும்போது பழைய காட்டன் புடவை இருந்தால் கொண்டு வா. நைலக்ஸ் வேண்டாம், பிள்ளைகளுக்குத் தூங்கும்போது வேர்க்கிறது. மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா இல்லையா?

அப்புறம், உன் கடலைமிட்டாய் டப்பாதான் இப்போது லாரி டேங்க். அடுத்த முறை மூடி இறுக்கமான டப்பாவாகப் பார்த்து அனுப்படி. ஒழுகுகிறது என்று டிரைவர் புகார்.

உன்
குட்டை