எட்டரை நிமிடப் பாட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை மேடையில் இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் 'அலெக்சாண்டர் தி கிரேட்' பாட்டை எங்கும் தடுக்காமல் வாசித்து முடித்துவிட்டோம். 1986-ல் வந்த 'சம்வேர் இன் டைம்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அவர்களுடைய பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் எழுதியது. அந்தக் குழுவே 2023 மே மாதம் ஸ்லோவேனியாவில்தான் அதை முதன்முதலாக மேடையேற்றியது. அப்பேர்ப்பட்ட பாட்டை எடுக்கிறோம் என்றபோது உங்களில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

மொட்டை மாடி அறையைத் திறந்துவிட்ட பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் நன்றி. கீழ் வீட்டு அக்கா, கைக்குழந்தை தூங்கும் நேரத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி மாடிக் கதவில் ஒட்டினீர்கள். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஹாரிஸ் மாதிரி விரலாலேயே பேஸ் வாசிக்கப் போய் எங்கள் தம்பிக்கு விரல்நுனி கொப்பளித்து உடைந்தது. மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் போட்டு, மறுநாளே ஒத்திகைக்கு அனுப்பிவைத்த அவன் அம்மாவுக்கு நன்றி. கிட்டார் பெடல் இரவல் தந்த அண்ணனுக்கும் வேன் ஓட்டிய அண்ணனுக்கும் நன்றி.

வரலாற்றுப் பேராசிரியர் ஐயாவுக்கு என்ன சொல்வது! பாட்டு வரிகளை அச்செடுத்துக் கொண்டுபோனோம். கி.மு. 334-ல் அலெக்சாண்டர் ஏஜியன் கடலோரம் பாரசீகப் படையை முறியடித்தது, அவிழ்க்க முடியாத கார்டியன் முடிச்சை வெட்டியது, பாரசீக மன்னர் டேரியஸ் தோற்றது என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர், படை இந்தியாவுக்கு வர மறுத்தது என்ற இடத்தில் பென்சிலை நிறுத்தினார். மளிகை பில்லைத் திருப்பி, ஜீலம், செனாப், ராவி, பியாஸ் என்று நாலு ஆறுகளுக்கு நாலு கோடு கிழித்தார். "கி.மு. 326-ல் முதல் கோட்டைத் தாண்டி வந்துதான் போரஸை ஜெயிச்சாங்க. நாலாவது கோட்டுக் கரையிலதான் இதுக்கு மேல முடியாதுன்னு நின்னாங்க. எட்டு வருஷமா நடந்த கால், விடாத மழை வேற."

அதுவரை அந்த வரியைப் போர் முழக்கமாகப் பாடிக்கொண்டிருந்த எங்கள் பாடகர், அன்றிலிருந்து குரலை இறக்கிவிட்டார். சொல்லை மாற்றவில்லை, களைப்பு மட்டும் உள்ளே வந்தது. சனிக்கிழமை அந்த இடத்தில் அரங்கமே அடங்கிப்போனதே, அது நீங்கள் கொடுத்தது ஐயா. அந்த பில்லை டிரம்ஸுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

வருகிற ஞாயிறு எல்லோரும் மாடிக்கு வாருங்கள். உங்களுக்காக மட்டும் இன்னொரு தடவை வாசிக்கிறோம். குழந்தை ஐந்து மணிக்கு எழுந்துவிடும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஐந்தரைக்குத் தொடங்குகிறோம்.

அன்புடன்,
குழுவின் ஐந்து பேருக்காக,
ரிதம் கிட்டார் வாசிப்பவன்