தவறான நோய்க்கணிப்பு, லேபிளில் சொல்லப்படாத செம்பு: கடல்மீன் தொட்டி தொடர்பான புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: நோயுற்ற கோமாளி மீன்களை அனுப்பியது, நோயைத் தவறாகச் சொன்னது, செம்பு கலந்த மருந்தை ‘இறாலுக்குப் பாதுகாப்பானது’ என்று விற்றது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் இணையக் கடையில் ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கினேன். அதிலிருந்து எட்டே நாளில் ஒரு மீன், இரண்டு கிளீனர் இறால்கள், பதினொரு நத்தைகள், ஒரு கடல் சாமந்தி (அனிமோன் என்ற கடல் உயிர்) என்று வரிசையாகப் போய்விட்டன. தொலைபேசியில் மூன்று முறை சொல்லியும் ‘உங்கள் தொட்டிப் பராமரிப்பில்தான் கோளாறு’ என்ற ஒரே பதில் வந்ததால், நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

என்னுடையது 200 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டி. மூன்று வருடமாக ஓடுகிறது. மீன்கள் வந்த வெள்ளிக்கிழமை அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. தினமும் நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். அந்தப் பக்கங்களின் படத்தை இணைத்திருக்கிறேன். புது மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ‘14 நாள் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே அனுப்புகிறோம்’ என்று உங்கள் பக்கத்தில் எழுதியிருந்ததை நம்பித்தான் விட்டேன். அந்த நம்பிக்கை என் தவறு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை எழுதியது நீங்கள்.

ஞாயிறு காலை சின்ன மீன் தீனிக்கு வரவில்லை. பம்ப் தண்ணீர் வந்து விழும் இடத்தில் போய் நின்றுகொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கியது. மதியத்துக்குள் தலைக்குப் பின்னால், வெள்ளைப் பட்டையின் ஓரத்தில், மங்கலான ஒரு படலம். சூடான கஞ்சி ஆறும்போது மேலே ஆடை கட்டுமே, அதே மாதிரி. திங்கள் காலை அந்த ஆடை நூல்நூலாகப் பிரிந்து தொங்கியது.

அன்றே உங்கள் வாட்ஸ்அப் உதவி எண்ணுக்குப் படம் அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில்: ‘ஒயிட் ஸ்பாட் (வெள்ளைப்புள்ளி நோய்) சார், பயப்பட வேண்டாம், இந்த பாட்டில் போடுங்க, தொட்டியிலேயே ஊத்தலாம்.’ மீன் எப்படி மூச்சு விடுகிறது, எப்போதிலிருந்து, தொட்டியில் வேறு என்னென்ன இருக்கிறது என்று எதுவுமே கேட்கவில்லை. நானாகத்தான் இறால் இருக்கிறது என்று சொன்னேன். ‘ரீஃப் சேஃப் சார்’ என்றார்கள், அதாவது இறால், சாமந்தி போன்ற உயிர்களுக்கும் பாதுகாப்பானது என்று. பாட்டிலிலும் அப்படியே அச்சிட்டிருந்தது. உள்ளே என்ன மருந்து என்று மட்டும் எங்கும் இல்லை. 650 ரூபாய். மாலையே வந்தது, சொன்ன அளவு ஊற்றினேன்.

இரவு பத்து மணிக்குப் பெரிய இறால் பாறையிலிருந்து வழுக்கி விழுந்தது. எழுந்து நிற்கப் பார்த்தது, மறுபடி சாய்ந்தது. கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. கண்ணாடி துடைக்கக் கையை உள்ளே விட்டால் ஓடி வந்து விரலில் ஏறி, நகக்கண்ணைக் கொத்திச் சுத்தம் செய்கிற இறால் அது. மூன்று வருடமாகத் தினமும் மாலை அதைச் செய்தது. அன்று கையை நீட்டினேன், இறாலால் வர முடியவில்லை. விடியும்போது இரண்டு இறாலும் இல்லை. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் கவிழ்ந்து கிடந்தன. கடல் சாமந்தி எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கி, இரண்டு நாளில் கரைந்து போனது.

மீன் பிழைத்து இறாலும் நத்தையும் மட்டும் சாகிறது என்றால் முதலில் செம்பைத்தான் சந்தேகிப்பார்கள். நண்பரிடம் காப்பர் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன்: லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். வெள்ளைப்புள்ளிக்கும் வெல்வெட் நோய்க்கும் செம்பு நல்ல மருந்துதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது தனித்தொட்டியில், தினமும் அளந்து அளந்து கொடுக்க வேண்டியது. முதுகெலும்பில்லாத உயிர் எதற்கும் அது விஷம். அதோடு பாறையும் மணலும் சுண்ணாம்புச் சத்து என்பதால் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரியும் போட்டேன், தண்ணீரும் மாற்றினேன். இருந்தாலும் அந்தப் பாறையை நம்பி இனி ஒரு இறாலை விட எனக்குத் துணிவில்லை. இத்தனையும் ‘ரீஃப் சேஃப்’ என்ற இரண்டு சொல்லால்.

சரி, மீனாவது பிழைத்ததா? புதன்கிழமை சின்ன மீன் செத்தது. அன்று மாலை, மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் அதே நண்பர் மீதியிருந்த மீனின் விலாவில் கண்ணாடித் துண்டால் மெல்ல வழித்து, அந்தச் சளியை ஒரு சொட்டுக் கடல்நீரில் வைத்துக் காட்டினார். அவரைக்கொட்டை வடிவில், ஓரமெல்லாம் மயிரிழைகளோடு, நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாக வழுக்கிக்கொண்டு போயின. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி என்றால் பெரிதாக, உருண்டையாக, மெதுவாகச் சுழலும். இது புரூக்ளினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி. கோமாளி மீன்களுக்கு இது அதிகம் வருவதால் ‘கோமாளி மீன் நோய்’ என்றே பெயர். செம்பு இதைக் கட்டுப்படுத்தாது.

மைக்ரோஸ்கோப் இல்லாமலேயே உங்கள் ஊழியர் சந்தேகப்பட்டிருக்கலாம். வெள்ளைப்புள்ளி என்றால் உப்புக்கல் தூவியது போலத் தனித்தனிப் புள்ளி இருக்கும். வெல்வெட் என்றால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது மிக நுண்ணிய பொன்தூள் தெரியும். சளி ஆடையாகக் கட்டி உரிந்தால், அதுவும் புதிதாக வந்த கோமாளி மீனில், முதலில் நினைக்க வேண்டியது புரூக்ளினெல்லாவைத்தான். நான் அனுப்பிய படத்தில் ஒரு புள்ளி கூட இல்லை. தயவுசெய்து அதை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

மீதி மீனுக்கு ஃபார்மலின் குளியல் கொடுத்தோம். 10 லிட்டர் உப்புத்தண்ணீருக்கு 1.5 மில்லி, 45 நிமிடம். ஃபார்மலின் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் குறைத்துவிடும் என்பதால் காற்றுக்கல் முழுவேகத்தில் ஓடியது. ஜன்னலெல்லாம் திறந்து, கையுறை போட்டு, ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டோம். குளியல் முடிந்ததும் பழைய தொட்டிக்கு விடாமல் சுத்தமான தனித்தொட்டிக்கு மாற்றினோம். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை. ஆறாம் நாள் அது ஒரு சிறு துண்டு இறால்கறியை வாங்கித் தின்றது. முதல் நாளே சரியான பெயரைச் சொல்லியிருந்தால் இன்னொன்றும் தின்றிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நான் கேட்பது இவை. மீன், மருந்து, இறந்த இறால், நத்தை, சாமந்தி ஆகியவற்றின் விலை 7,400 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். ரசீதுகள் இணைப்பில் உள்ளன. பணத்தை விட அவசரமானது இன்னொன்று: அந்த பாட்டிலின் விற்பனையை இன்றே நிறுத்துங்கள், ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லோருக்கும் அதில் செம்பு இருப்பதைச் சொல்லிச் செய்தி அனுப்புங்கள். யாரோ ஒருவர் இன்று மாலை அதை இறால் இருக்கும் தொட்டியில் ஊற்றக்கூடும். லேபிளில் மருந்தின் பெயரும் அளவும் அச்சிடுங்கள். 14 நாள் கவனிப்பு உண்மை என்றால், என் மீன்கள் எந்தத் தேதியிலிருந்து உங்கள் தொட்டியில் இருந்தன என்ற பதிவைக் காட்டுங்கள். அப்புறம், உதவி எண்ணில் இருப்பவர்களுக்கு ஒரு மருந்தைச் சொல்வதற்கு முன் நாலு கேள்வி கேட்கக் கற்றுக்கொடுங்கள். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இன்றிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். வாட்ஸ்அப் உரையாடல், டெஸ்ட் கிட் படம், மைக்ரோஸ்கோப் வீடியோ எல்லாம் என்னிடம் இருக்கின்றன. பாட்டிலில் மீதியிருப்பதை மூடி வைத்திருக்கிறேன். பரிசோதிக்க ஆள் அனுப்பினால் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்