எங்கள் வகுப்புக்கு ஒரு மதிய வேளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ கடைசித் தேர்வு முடிந்த மறுநாள், தேர்வு மைய வாசலில் மாணவிகள் ஒருவர் மேல் ஒருவர் மை தெளித்துக்கொள்ளும் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். படித்த பள்ளியை இந்தப் பிள்ளைகள் இப்படி உதறிவிட்டுப் போகிறார்களே என்று வாசகர் ஒருவர் அதற்கு வருந்தி எழுதியிருந்தார். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

படத்தில் இருப்பவர்கள் நாங்கள் இல்லை. ஆனால் 2025 மார்ச் 25 அன்று பொருளியல் எழுதிவிட்டு வந்த எங்கள் சீருடைக் கோட்டிலும் மை இருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய பெயர்களும் இருந்தன. என் கோட்டை அம்மா இன்னும் துவைக்கவில்லை, நான் விடவில்லை. பெஞ்சை உடைப்பதும், ரோட்டில் போகிறவர் மேல் பொடி வீசுவதும் தப்புதான். ஆனால் நாங்கள் எதையும் உதறவில்லை. பிரிவதற்கு எங்களுக்கு வேறு இடம் கொடுக்கப்படவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் புதுவண்ணாரப்பேட்டை. அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். 2018 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். அந்த வருடம்தான் ஆறாம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. அக்காக்களின் பழைய நோட்டுகள் எங்களுக்கு உதவவில்லை. காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று பல பக்கத்துப் பிள்ளைகள். கொருக்குப்பேட்டையிலிருந்து வருபவர்கள் தாமதமாக வந்தால் "கேட் போட்டுட்டாங்க மிஸ்" என்பார்கள். அந்த ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், அது சாக்கு இல்லை.

2020 மார்ச்சில், ஏழாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு எழுதாமலேயே பள்ளி மூடியது. எட்டாம் வகுப்பு என்று ஒரு அறையில் நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. வாட்ஸ்ஆப்பில் மிஸ் வீட்டுப்பாடம் அனுப்புவார், ஆனால் அம்மா விடிகாலை ஏலத்துக்குக் கிளம்பும்போது வீட்டில் இருந்த ஒரே போனும் கூடவே போய்விடும். சத்துணவுக்குப் பதிலாகக் கொடுத்த அரிசியும் பருப்பும் வாங்கத்தான் பள்ளிக்குப் போனோம். முகக்கவசம் போட்டு இடைவெளி விட்டு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பது யார் என்று பின்னலை வைத்துக் கண்டுபிடிப்போம்.

2021 செப்டம்பர் 1-ல் ஒன்பதாம் வகுப்புக்குத் திறந்தார்கள். அறைக்கு 20 பேர், சுழற்சி முறை. எல்லோரும் வளர்ந்திருந்தார்கள். ஏழாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் மட்டும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சில வாரம் கூப்பிட்டுவிட்டு, பிறகு மிஸ் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். கொரோனாவில் அப்பாவை இழந்தவள் அவள். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. என் தீபாவளிச் சுடிதாரை ஒரு வருடம் அவள்தான் எடுத்துக் காட்டினாள். விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே முதலாளியிடம் பேசிக் குறைத்துக் கொடுத்தாள்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடமும் வரிசையாகப் பொதுத்தேர்வு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, படித்தோம். எழுத வேண்டியது 2023 டிசம்பரைப் பற்றித்தான். மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிவதற்குள் எண்ணூர்ப் பக்கம் சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் தண்ணீரில் கலந்து வந்தது. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. தேர்வுக்கு வந்த எண்ணூர்ப் பிள்ளைகளின் நகக்கண் கறுத்திருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்றார்கள். வாளியாலும் கையாலும் முகத்துவாரத்தில் எண்ணெய் அள்ளிய அப்பாக்களின் சட்டையைத் துவைத்த கைகள் அவை. அந்த மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்தில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வெள்ளத்தில் புத்தகமும் நோட்டும் போன பிள்ளைகளுக்கு, ஆறு பாடத்தையும் எங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு கையால் எழுதிக் கொடுத்தோம். எனக்கு வந்தது கணக்குப்பதிவியல். இருப்புநிலைக் குறிப்புக்கு அடிக்கோல் வைத்துக் கோடு போட்டே விரல் வீங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை சமமாக வராத கணக்கு ஒன்று இருந்தது. காப்பி அடித்துக் கொடுத்தால் போதும் என்று யாரும் நினைக்கவில்லை; தப்பு எங்கே என்று மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுத் தேடினோம். கடன் கொடுத்தோர் தொகையில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தது. எங்கள் வகுப்பு எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் அந்த மதியத்தைத்தான் சொல்வேன்.

இவ்வளவும் ஆன பிறகு நாங்கள் எப்படிப் பிரிந்தோம்? ஹால் டிக்கெட் வாங்கிய அன்று, கையெழுத்துப் போட்டவுடன் ஒவ்வொருவராகக் கிளம்பச் சொன்னார்கள். தேர்வு மையம் வேறு பள்ளி. கடைசி நாளில் வாசலில் நின்ற காவலர் 'கூட்டம் போடாதீங்க, கிளம்புங்க' என்றார். பிரிவு விழா கேட்டோம், பிரச்சினை வரும் என்று மறுத்துவிட்டார்கள். மே 8-ல் முடிவு செல்போனில் வந்தது. இனி மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் வாங்கத் தனித்தனியாகப் போய்வருவோம். சிலர் பாரதி மகளிர் கல்லூரிக்கும் சிலர் வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரிக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலத்தில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வீடுகளின் பாடு தனி. வேலைக்குப் போகப்போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கல்வித் துறையையும் தலைமை ஆசிரியர்களையும் நான் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்று. அசல் மதிப்பெண் சான்றிதழ் கொடுக்கும் நாளில் ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லுங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். எங்கள் அறையைத் திறந்துவிட்டு, வகுப்பு ஆசிரியர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கணக்குப்பதிவியலில் தவறி, துணைத்தேர்வுக்குப் படிக்கிறவர்களையும் கூப்பிடுங்கள். சான்றிதழ் இல்லை என்று அவர்கள் வெளியே நிற்கக் கூடாது.

ஆறாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்து, பிறகு சிவப்புக் கோடு விழுந்த பெயர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். இதை நான் சொன்னால் துணிக்கடையில் நிற்கும் அவள் சிரித்துவிட்டு அடுத்த சேலையைப் பிரிப்பாள். மிஸ் எதிரில் உட்கார வைத்து, விண்ணப்பத்தையும் கையில் கொடுத்துச் சொன்னால் கேட்பாள். அந்த நாள் ஞாயிறாக மட்டும் இருக்க வேண்டாம். எம்.சி. ரோட்டில் அன்றுதான் கூட்டம், அவளுக்கு லீவு கிடைக்காது.

இப்படிக்கு,
பிளஸ் டூ முடித்த மாணவி,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை